இருநூற்று இரண்டில் நின்ற பாதரசம்

பஜாரில் பின்னாலிருந்து யாராவது "இருநூத்திரெண்டு" என்று கூப்பிட்டால் நான் இன்றும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த உங்களில் பலருக்கு என் பெயர் மறந்திருக்கும். இந்தப் பட்டப்பெயர் மறந்திருக்காது. நீங்கள் சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டீர்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். ஆனால் அந்த எண் என் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. நேரில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முகத்தைச் சேர்த்துப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். நமக்குப் புதிதாக விஞ்ஞானப் பாடம் வந்த வருஷம். அதுவரை நமக்கு இருந்தது தமிழும் கணக்கும்தான். வாத்தியார் மூணாறிலிருந்து வந்த லாரியில் புத்தகக் கட்டை இறக்கி, பிரித்து, முகர்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, கழுத்தில் சுற்றிய கம்பளி மப்ளர். நாகர்கோவில் பக்கத்து ஆள். மலைக்குளிர் அவருக்குக் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒண்டிக்கட்டை, தானே சமைப்பார். சோறு நடுவில் அரிசியாக நிற்கிறது, பருப்பு எத்தனை விறகு வைத்தாலும் கல்லாகவே கிடக்கிறது என்று எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் வந்து நின்று அம்மாவிடம் முறையிடுவார்.

அம்மாவுக்கும் அதே வழக்குதான். லயத்தில் எல்லா வீட்டிலும் அதே வழக்கு. மலைத்தண்ணிக்குப் பருப்பு வேகாது என்பதுதான் எங்கள் ஜனங்களின் முடிவு. கீழே மறையூரில் கரும்புக்காட்டு வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த பெரியம்மா வீட்டில் அதே துவரம்பருப்பு மலர்ந்து குழைந்துவிடும். அம்மா அங்கே போய்வந்தால் ஒரு வாரத்துக்கு அந்தப் பருப்பைப் பற்றியே பேசுவாள். ஒருமுறை வெல்லம் ஏற்றிவந்த லாரிக்காரரிடம் சொல்லி, மறையூர் ஓடைத்தண்ணீரை ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய வரவழைத்தாள். டின்னை எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டு, லயத்துப் பெண்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தார்கள். வேகவில்லை. அம்மா கரண்டியால் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "அப்பம் விறகுதான் சரியில்ல" என்றாள். எல்லோரும் ஆமாம் என்று எழுந்து போனார்கள்.

இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பாடம் அங்கே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் காரணமில்லை என்று நிரூபணமே ஆகிவிட்டது. அடுத்த கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நானும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

விஞ்ஞானத்தில் முதல் பாடம் விதை. ஈரத்துணியில் அவரையைச் சுற்றி வைத்தால் மூன்றாம் நாள் முளை வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நாம் எல்லோரும் தேங்காய்த் தொட்டியில் துணியை வைத்து, அவரையை வைத்து, பள்ளிக்கூட ஜன்னலில் வரிசையாக அடுக்கினோம். மார்கழிப் பனி, காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலம். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கழித்து விதைகள் கொழகொழவென்று நாற ஆரம்பித்தன. வாத்தியார் நம்மைத்தான் திட்டினார். விதையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கெடுத்துவிட்டீர்களாம், பொறுமை இல்லாத பிள்ளைகளாம்.

என் தொட்டியில் மட்டும் முளை வந்திருந்தது. காரணம் நான் இல்லை. ஜன்னலில் எனக்கு இடம் கிடைக்காததால் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா அதை அடுப்புக்கு மேலே கருவாடு காயும் பரணில் வைத்துவிட்டாள். கதகதப்பில் முளைத்தது, அவ்வளவுதான். வளைந்த வெள்ளை முளையை வாத்தியார் உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டி, "இவனுக்குப் பொறுப்பு இருக்கு. இவன் படிப்பான்" என்றார். பரணைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அன்று சாயங்காலமே அப்பாவைப் பார்த்து, என்னைப் போடியில் என் மாமா வீட்டில் விட்டு ஆறாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அங்கே ஹெட்மாஸ்டர் தனக்கு வேண்டியவர், தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

நம் லயத்திலிருந்து ஆறாம் வகுப்புக்கு அதுவரை யாரும் இறங்கிப் போனதில்லை. அம்மா மூணாறு சந்தையில் ஒரு பச்சைத் தகரப்பெட்டி வாங்கினாள். மூடியில் இரண்டு ரோஜாப்பூ போட்ட பெட்டி. அதற்குள் என் ஒரே நல்ல சட்டையையும் ஒரு வேப்பங்கொத்தையும் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் எனக்குக் கட்டிவிட்டாள். குளிக்கும்போது அந்தச் சாவி ஜில்லென்று வயிற்றில் ஒட்டும். அந்த ஜில்லிப்பு இன்றைக்கும் தெரிகிறது.

பனி விட்டதும் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. மலையாளத்துக்காரர், கல்வி இலாகா. விஞ்ஞானப் பாடத்தைச் செய்துகாட்ட வேண்டும் என்று கட்டளை. வாத்தியார் எடுத்துக்கொண்டது கொதிக்கும் தண்ணீர். சூடு ஏற ஏறப் பாதரசம் ஏறும், தண்ணீர் கொதிக்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு ஃபாரன்ஹீட் டிகிரியில் நிற்கும், அதற்கு மேல் எவ்வளவு தீ போட்டாலும் ஏறாது. புத்தகத்தில் படத்தோடு இருந்தது. நம் பள்ளிக்கூடத்தில் தெர்மாமீட்டர் ஏது? தேயிலை ஃபாக்டரியில்தான் இருந்தது. கொழுந்தை உலர்த்தும் டிரையருக்குள் சூடு எவ்வளவு என்று பார்க்க அதைச் செருகி வைத்திருப்பார்கள். டிரையரில் தீ போட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்வது என் அப்பாவின் வேலை. ஃபாக்டரியை நடத்தும் டீ மேக்கரிடம் வாத்தியார் கெஞ்சிக் கேட்டதில், ஞாயிறு டிரையரை அணைத்துத் திங்கட்கிழமை மதியம்தான் மூட்டுவதால், காலையில் கொடுத்துவிட்டு மதியம் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சம்மதித்தார். கொண்டுவருகிற பொறுப்பு, பொறுப்புள்ள பையனான எனக்கு.

முழ நீளம் இருக்கும். பித்தளை உறை, நடுவில் நீளக் கீறல், கீறலுக்குள் கண்ணாடி, கண்ணாடிக்குள் தலைமயிர் போல ஒரு வெள்ளிக்கோடு. அப்பா அதைத் தன் தலைத்துண்டில் சுற்றிக் கொடுத்தார். குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, குறுக்குப் பாதையை விட்டுவிட்டு லாரி ரோட்டில் சுற்றி நடந்தேன். கீழே போடவில்லை. ஒரு கல்லில்கூடத் தட்டவில்லை. இதை நான் இப்போது எழுதும்போதும் கை அழுத்தி எழுதுகிறது.

பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று கல், அதன் மேல் ஈயப்பாத்திரம். நாம் சுற்றி உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் நாற்காலியில், கால் மேல் கால். வாத்தியார் கம்பில் கயிறு கட்டித் தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். எண்ணைப் படிக்க என்னைக் கூப்பிட்டார். நூறு என்றேன். நூற்றைம்பது. நூற்றெண்பது. வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். தண்ணீர் குமிழ்விட்டு, சலசலத்து, தளதளவென்று கொதித்தது. ஆவியில் என் முகமெல்லாம் நனைந்தது.

"இப்ப சொல்லு."

"இருநூத்தி ரெண்டு சார்."

நன்றாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், இருநூற்று இரண்டு. பன்னிரண்டைத்தான் இரண்டு என்று படிக்கிறான் என்று நினைத்து அவரே குனிந்தார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது, துடைத்துவிட்டுத் திரும்பக் குனிந்தார். விறகைத் தள்ளச் சொன்னார். கங்காணி மகன் ஓடிப்போய்ச் சுள்ளி கொண்டுவந்தான். தண்ணீர் பாத்திரத்தை விட்டு வெளியே குதித்தது. வெள்ளிக்கோடு அசையவில்லை. "ஏறுதா?" என்றார். "இல்ல சார், இருநூத்தி ரெண்டு." "இப்ப?" "இருநூத்தி ரெண்டுதான் சார்." பின்னால் நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியும், சொல்லமாட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். கொதிக்கிற தண்ணீருக்கு மேற்கொண்டு சூடு ஏறாது என்பதுதான் பாடம். அது கண்முன்னால் நடந்தது. ஆனால் புத்தகத்து எண் வரவில்லை என்பதால் பாடமே தோற்றுப்போனதாக வாத்தியார் வியர்த்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "மாஷே, இது கேடாணு" என்றார். பழுதாகிவிட்டது என்கிறார். பிறகு வாட்சைப் பார்த்தார், மூணாறு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அவர் போன பிறகு வாத்தியார் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"வழியில கீழ போட்டியா?"

இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நான் யாரிடமும் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன், அது உங்களுக்கே தெரியும். வாத்தியார் டிரெயினிங்கில் மனோதத்துவம் படித்தவர். பொய் சொல்கிறவனால் எதிராளி கண்ணைப் பார்க்க முடியாது என்று அதில் இருக்கிறதாம். நம் எல்லோர் முன்னாலும் அதை விளக்கினார். "பாருங்க, இவன் கண்ணைப் பாருங்க" என்றார். நீங்கள் பார்த்தீர்கள். எனக்குத் தலை இன்னும் கீழே போயிற்று. குளிரில் முளைக்காத அவரைக்கு உங்கள் பொறுமையின்மை காரணம். அடுப்புச் சூட்டில் முளைத்ததற்கு என் பொறுப்பு காரணம். என் கூச்சத்துக்குக் காரணம் பொய். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றுக்கும் பிள்ளைகளின் குணத்தில் காரணம் தேடினார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை.

தெர்மாமீட்டரை அவரே கொண்டுபோய்க் கொடுத்து, இது பத்து டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று டீ மேக்கரிடம் சொல்லிவிட்டார். அங்கேதான் விஷயம் முற்றியது. அப்பா இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தார், சட்டை முழுக்கத் தேயிலைத் தூசி. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கணக்குச் சொன்னார். இது நேற்று வரைக்கும் நல்லாயிருந்து இன்றைக்குக் கெட்டது என்றால் ஒன்றும் இல்லை. முன்பே கெட்டிருந்தது என்றால், இத்தனை நாளாக அப்பா தப்பான சூட்டில் தேயிலை காயவைத்ததாக ஆகும். பார்த்துச் சொல்லாதது அவர் குற்றமாகும். வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும்.

"நீ கீழ போட்டேன்னு சொல்லிருலே. சின்னப்பய, ரெண்டு திட்டு திட்டி விட்டுருவாங்க."

நான் கீழே போட்டேனா என்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவள் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஃபாக்டரி வாசலில் நின்று, கீழே போட்டுவிட்டேன் என்று சொன்னேன். டீ மேக்கர் நாற்காலியில் சாய்ந்து, "கையில என்னடா, எண்ணெய் தடவிட்டா வந்த?" என்று கேட்டார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவோடு விட்டுவிட்டார். அப்பா சொன்னது சரியாக இருந்தது, அந்த இடத்தில் மட்டும்.

வாத்தியார் காதுக்கு அது போய்ச் சேர்ந்தது. போட்டதுகூடப் பரவாயில்லை, போடவில்லை என்று தன் முன்னால் சாதித்தானே, இவனை எந்த முகத்தோடு ஹெட்மாஸ்டரிடம் சிபாரிசு செய்வேன் என்று அப்பாவிடம் சொன்னாராம். "வாத்தியாரே வேண்டாம்னுட்டாரு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அதோடு முடிந்தது. போடிக்குக் கங்காணி மகன் போனான். நன்றாகப் படித்தான், நல்ல உத்தியோகம் பார்த்தான். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அம்மா என் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, சட்டையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பெட்டியில் வெங்காயம் கொட்டினாள். ரோஜாப்பூ கொஞ்ச வருஷம் இருந்தது. பிறகு துரு தின்றுவிட்டது.

இன்னும் கேளுங்கள். பத்து டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்றால் உண்மையில் டிரையரில் பத்து டிகிரி கூடுதலாகச் சூடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதனால் டீ மேக்கர், பாதரசத்தைப் பத்து டிகிரி கீழேயே நிறுத்தும்படி உத்தரவு போட்டார். அப்பா அப்படியே தீயைக் குறைத்தார். தெர்மாமீட்டர் சரியாகத்தான் இருந்தது, தேயிலைதான் சரியாகக் காயவில்லை. பெட்டியில் அடைத்துக் கொச்சிக்குப் போன தூள் பூசண வாடையோடு இருக்கிறது என்று கடிதம் வந்தது. மூணாறிலிருந்து புதுத் தெர்மாமீட்டர் வரவழைத்துப் பழையதன் பக்கத்தில் செருகினார்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. பழையது தானாகச் சரியாகிவிட்டது என்று டீ மேக்கர் சொல்லிவிட்டார். கெட்ட தூளுக்கு யாராவது ஒருவர் வேண்டுமே, அப்பாவை டிரையரிலிருந்து எடுத்து விறகு அடுக்கப் போட்டார்கள்.

"அப்ப நான் கெடுக்கலயே?" என்று அப்பாவைக் கேட்டேன். "சரியாயிருச்சுல்ல, விடு" என்றார்.

நான் பதினைந்து வயதில் அதே ஃபாக்டரியில் சேர்ந்தேன். பிற்பாடு அதே டிரையருக்கு வந்தேன். தினமும் அந்தப் பாதரசத்தைத்தான் பார்த்தேன். ஏன் இருநூற்று இரண்டு என்று எனக்கும் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. கேட்டால் பட்டப்பெயரைத்தான் சொல்வீர்கள்.

சமீபத்தில், என் மனைவி பிடிவாதம் பிடித்ததால் மூணாறு பஜாரில் குக்கர் வாங்கப் போனோம். கடைக்கார பாய் பாலக்காட்டுக்காரர், நன்றாகப் பேசுவார். இரண்டு கையாலும் மூடியைச் சுழற்றிக் காட்டிக்கொண்டே சொன்னார்: "மலையில இது இல்லாம ஆகாதும்மா. இங்க காத்து அழுத்தம் கம்மி. தண்ணி சூடேறுறதுக்கு முன்னாடியே கொதிச்சுரும், அப்புறம் பருப்பு எப்படி வேகும்?"

துணிக்கடைக்காரர் சாயம் போகாது என்று சொல்வதைப் போல, போகிறபோக்கில் சொன்னார். திரும்பச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, விசில் வந்தா இறக்கிருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து என் கடைசி மகளைக் கேட்டேன். காலேஜில் சேர்ந்திருக்கிறாள். இது நாங்க சின்ன வகுப்பிலயே படிச்சதுதானப்பா என்றாள். காற்று தண்ணீரை மேலிருந்து அழுத்திக்கொண்டு இருக்கிறது, உயரம் போகப் போக அழுத்தம் குறைகிறது, குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நம் எஸ்டேட் உயரத்தைச் சொல்லி, டிரையரில் இருந்த பழைய ஃபாரன்ஹீட் டிகிரியில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். காலண்டர் தாளின் பின்னால் பெருக்கி, கூட்டி, "கிட்டத்தட்ட இருநூத்தி ரெண்டுப்பா. ஏன்?" என்றாள்.

நான் வாசலுக்குப் போய் நின்றேன். ஐந்தாம் வகுப்பில் தண்ணீர் எதில் கொதிக்கும் என்ற பாடம். மலையில் எதில் கொதிக்கும் என்ற பாடம் அதற்கு அடுத்த வகுப்புகளில் இருந்திருக்கிறது. முதல் பாடம் என்னை அடுத்த பாடத்துக்குப் போகவிடாமல் செய்துவிட்டது. வாத்தியார் காலமாகிவிட்டார். டீ மேக்கரும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

அப்பா இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். அன்று மத்தியானம் குக்கரில் வெந்த பருப்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, அழுத்தம், உயரம். அந்தத் தெர்மாமீட்டர் ஒருநாளும் கெடவே இல்லை என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நீதானலே கீழ போட்டேன்னு ஃபாக்டரி வாசல்ல வந்து சொன்ன."

"நீங்க சொல்லச் சொன்னீங்கப்பா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் ஓய்ந்தது, என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"அப்பம் நீ கீழ போடலையா?" என்று கேட்டார்.

"போடலப்பா."

"அத அன்னைக்கே சொல்லிருக்க வேண்டியதுதானலே" என்றார் அப்பா. பிறகு ரசம் கேட்டார்.